ஆவணியில் கல்யாணம், ஹனிமூனுக்கு லோன் போடலாமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டை. வயது 29. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், பிடித்தம் போகக் கைக்கு 42,000 வருகிறது. எனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண் ராயபுரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன், 23,000 சம்பளம். ஆவணி கடைசியில் கல்யாணம். ஹனிமூன் என்று போய் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டு வருவதில் எனக்கு இஷ்டமில்லை. ஸ்கூபா, ராஃப்டிங், மலையேற்றம் என்று ஏதாவது செய்யவேண்டும். டிராவல்ஸில் பாலிக்கு 5 இரவு 6 பகல், இரண்டு பேருக்கும் சேர்த்து 1,85,000 என்றார்கள். 10,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன், கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். கையில் 1,10,000 இருக்கிறது. 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போகிறது, மாதம் 10,000, 20 மாதத்தில் 7 கட்டியாயிற்று. ஒரு ஆப்பில் 2 லட்சம் பர்சனல் லோன் 16 சதவீதத்துக்கு உடனே தருகிறார்கள், 24 மாதத் தவணை. சீட்டைத் தள்ளி எடுப்பதா, லோன் போடுவதா, இல்லை அந்தமான், இலங்கை, தாய்லாந்து என்று வேறு இடம் பார்ப்பதா? அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "கடன் வாங்கியாவது இப்பவே போய்ட்டு வந்துடுங்க, புள்ள குட்டி ஆயிட்டா எங்கயும் நகர முடியாது" என்கிறார்.

பதில்: முதலில் வாழ்த்துகள் தம்பி. அப்பா சொல்வதில் பாதி சரி. குழந்தை வந்துவிட்டால் ஸ்கூபாவும் மலையேற்றமும் சில வருடம் தள்ளித்தான் போகும், அதனால் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். "கடன் வாங்கியாவது", "இப்பவே" என்ற இரண்டும்தான் இடிக்கிறது. எல்லாரும் ஊரைத்தான் முதலில் பிடிக்கிறார்கள், அப்புறம் அதற்கு மாதத்தையும் பணத்தையும் இழுத்துப் பிடித்துப் பொருத்துகிறார்கள். எந்த மாதம் போகிறோம், அதற்குள் எவ்வளவு சேரும் என்று முதலில் பாருங்கள், ஊர் தானாக முடிவாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை எடுத்து இரண்டாம் பக்கத்தின் அடியில் பாருங்கள். 'சேராதவை' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது, அதைப் படித்தீர்களா? விசா சேராது. மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு சேராது. இன்சூரன்ஸ் சேராது. 5 சதவீத ஜிஎஸ்டி தனி. கடைசி வரியில், நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அதுவே சேராது: "சாகச விளையாட்டுகள் தனிக் கட்டணம்." ஆக 1,85,000 என்பது ஏறி இறங்கிப் படுத்து எழுந்து காலை டிபன் சாப்பிடுவதற்கு மட்டும்.

நான் கூட்டிப் பார்த்தேன். ஜிஎஸ்டி 9,250. பாலியில் இறங்கியதும் எடுக்கிற விசா ஒருவருக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா, அதோடு 2024 பிப்ரவரியில் இருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்குகிற வரி 1,50,000 ரூபியா. லட்சம் என்றதும் பதறவேண்டாம், நம் பணத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 7,000 அளவுக்கு வரும். சாப்பாட்டுக்கு 15,000. பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம் பார்க்க ஏறுவது, உபுட் பக்கம் ஆயுங் ஆற்றில் ராஃப்டிங், ஒரு நாள் நூசா பெனிடா தீவு, துலாம்பெனில் இரண்டாம் உலகப்போர்க் கப்பல் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு டைவ், இது எல்லாம் இரண்டு பேருக்கு 25,000க்குக் குறையாது. இன்சூரன்ஸ் 3,000. பாஸ்போர்ட் உங்களுக்கு இருந்து அவருக்கு இல்லை என்றாலும் ஒரு 1,500. மொத்தம் 2,45,000ஐத் தாண்டுகிறது. இதற்கு மேல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகையை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் ஏறும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். ஆனால் வரும்வரை கையில் இருக்காது. அதன் விகிதத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்று டிராவல்ஸில் எழுதி வாங்குங்கள். விமான டிக்கெட்டை ஓரிடத்தில், ஹோட்டலை வேறிடத்தில் நீங்களே தனித்தனியாக எடுத்தால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

இப்போது லோன். 2 லட்சம், 16 சதவீதம், 24 மாதம் என்றால் தவணை மாதம் ஏறக்குறைய 9,800. கட்டி முடிக்கும்போது 2,35,000 போயிருக்கும், அதாவது வட்டி மட்டும் 35,000. பிராசசிங் கட்டணத்தை லோன் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள், அதனால் கைக்கு 2 லட்சமும் வராது. புதுக் குடித்தனத்தில் சீட்டு 10,000, தவணை 9,800, அப்புறம் கேஸ் அடுப்பு, பீரோ, தலைதீபாவளி... மாமனார் வீட்டில்தான் எல்லாம் செய்வார்கள் என்று சும்மா போகமுடியுமா, மச்சினனுக்கும் மாமியாருக்கும் நீங்கள் எடுக்கவேண்டாமா? மொய்ப் பணம் வந்தால் அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை ஓடும். மொய் நோட்டில் ஏறுவது எல்லாம் நாளைக்கு நீங்கள் திருப்பிச் செய்யவேண்டியது, அதுவும் மண்டபப் பாக்கி, சமையல்காரர் பாக்கி தீர்த்தபின் மிஞ்சினால்தான் உங்களுடையது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நகையை சேட்டுக் கடையில் வைக்கிற பேச்சே வேண்டாம், அது அந்தப் பெண்ணின் நகை.

சீட்டைத் தள்ளி எடுப்பது லோனை விட மேல் என்று நினைப்பீர்கள். இல்லை. 40,000 தள்ளி எடுத்தால் கைக்கு 1,60,000 வரும், மிச்சம் 13 மாதமும் விடாமல் கட்டவேண்டும். மாதாமாதம் எல்லாருக்கும் பிரித்துத் தருகிற கழிவு இதில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் என்றாலும், நீங்கள் அதுவரை போட்டிருந்த 70,000ஐக் கழித்துப் பார்த்தால் உண்மையில் வாங்கிய கடன் 90,000 அளவுதான், அதற்கு 40,000 விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, கூரை ஒழுகுது என்றால் எடுங்கள், டூருக்கு வேண்டாம். கடைசிவரை கட்டி முழுத் தொகையை எடுங்கள். (சீட்டுக் கம்பெனி பதிவு பெற்றதுதானே? இல்லை என்றால் அதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள், அது வேறு தலைவலி.)

சரி, மாதத்துக்கு வருவோம். ஆவணி கடைசி என்றால் செப்டம்பர் நடு. அந்த நேரத்தில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை முடிந்திருக்காது, கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகிற ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள், ஹேவ்லாக் தீவில் சிக்கினால் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) பிடிக்கவேண்டிய விமானம் போய்விடும். தாய்லாந்தில் புக்கெட், கிராபி இரண்டும் அதே கடலின் மறுகரை, அங்கேயும் மழை. டைவ் அடிக்கப் பேர்போன சிமிலன் தீவுகளை மே நடுவில் இருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள். பாலி அப்போது நல்ல வெயில், அதை நான் மறுக்கவில்லை. இலங்கையில் கிழக்குக் கரை நன்றாக இருக்கும்: திருகோணமலை பக்கம் புறாத்தீவில் ஸ்நார்கெலிங், அறுகம்பேயில் அலைச்சறுக்கு, உள்ளே வந்தால் கித்துல்கலையில் களனி ஆற்றில் ராஃப்டிங். கொழும்புக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஊர் பூரா இல்லாவிட்டாலும் கிழக்கில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். கல்யாணம் முடிந்த கையோடு போயே ஆகவேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தால் இலங்கைக்கு நாலைந்து நாள் போய்வாருங்கள், கையில் இருக்கிற பணத்துக்குள் முடித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் பிப்ரவரியில் அந்தமான். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும் காலம். புது வருடக் கூட்டம், பொங்கல் கூட்டம், குடியரசு தின லீவுக் கூட்டம் எல்லாம் வடிந்திருக்கும், அதனால் விலையும் இறங்கியிருக்கும். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். விசா, வெளிநாட்டுப் பணம் மாற்றும் கமிஷன், டிசிஎஸ் எதுவும் கிடையாது.

கணக்கு இப்படி வரும், விலை முன்னே பின்னே இருக்கும். விமானம் போக வர இரண்டு பேருக்கு 26,000. 5 இரவு ரூம் 22,500. ஃபெர்ரி மூன்று நடை 9,600. ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர்) முதல்முறைக்காரர்களைப் பயிற்சியாளர் கைப்பிடித்து இறக்குகிற ஸ்கூபா இரண்டு பேருக்கு 9,000. ராத்திரி சதுப்புநிலக் காட்டுக்குள் கயாக்கில் போவது 7,000. நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போங்கள், துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னும். சாப்பாடு 12,000, ஸ்கூட்டர் வாடகை ஆட்டோ எல்லாம் 8,000. கூட்டினால் 94,100. ஒரு 8,000 கைக்காவலாக வைத்தால் 1,02,000. நீங்கள் லோனுக்குக் கட்டப்போகிற வட்டியைவிட இரண்டு பேரின் விமான டிக்கெட் குறைவு, பார்த்தீர்களா?

பணம் எங்கே? இன்னொரு பேங்க் கணக்கு சும்மா கிடந்தால் அதையே ஒதுக்கி, செப்டம்பர் சம்பளத்தில் இருந்து ஜனவரி சம்பளம்வரை இரண்டு பேருமாக மாதம் 12,000 போடுங்கள், 60,000 ஆகிவிடும். மீதி 42,000 கையிருப்பில் இருந்து. 68,000 அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும், அதைத் தொடவேண்டாம். ஐந்து மாதப் பணத்துக்கு வட்டி தேடி அலையாதீர்கள்; தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடம், ஷேர் ஃபண்டில் போட்டால் டிக்கெட் எடுக்கிற வாரம் பார்த்துச் சந்தை விழும். டிக்கெட்டை மட்டும் டிசம்பர் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) இருந்து பழைய வரி முறையில் இருந்தால் போர்டிங் பாஸை எறியாதீர்கள், உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு அது உதவும்.

இங்கே உங்கள் அப்பா குறுக்கே வருவார், எனக்குத் தெரியும்: "ஹார்பர்ல இருந்தே அந்தமானுக்குக் கப்பல் போகுதே, எதுக்குடா பிளைட்டு?" போகிறதுதான். போக ஏறக்குறைய மூன்று நாள், வர மூன்று நாள், தேதியும் நம் இஷ்டத்துக்கு இருக்காது. பத்து நாள் லீவில் ஆறு நாளைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டால் தீவில் என்ன பார்ப்பீர்கள்? அதுவும் புதுப்பெண்ணுக்குக் கடல்வாந்தி வந்தால் தீர்ந்தது.

ஸ்கூபாவில் இரண்டு விஷயம், இரண்டிலும் பணம் இருக்கிறது. டைவ் அடித்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒருமுறை இறங்கினாலே குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18, நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். அதனால் டைவை முதல் இரண்டு மூன்று நாளிலேயே வையுங்கள், கடைசி நாளில் வைத்துவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுத் தண்டம் அழாதீர்கள். இன்னொன்று, சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள், கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. வாங்கும்போதே "ஸ்கூபா உண்டா" என்று கேட்டு பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். வாடகை ஸ்கூட்டரும் அப்படித்தான், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் ஒரு பைசா தரமாட்டார்கள். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு இழுப்பார்கள். விடியுமுன்னே எழுந்து வரிசையில் நின்று ஜராவா பழங்குடிகளின் காட்டு வழியாகப் போகவேண்டும், ஒரு நாள் முழுக்க அதற்கே சரி, எனக்கு அதில் மனமில்லை, விடுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க "எனக்கு இஷ்டமில்லை" என்றுதான் இருக்கிறது, அந்தப் பெண் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. ஆஸ்துமா, காதுத் தொந்தரவு இருந்தால் டைவ் கடைக்காரர்களே இறக்கமாட்டார்கள், கட்டிய பணம் வருமா என்பது அந்தந்தக் கடையின் விதிமுறை. நீச்சல் தெரியாவிட்டாலும் முதல்முறை டைவ் செய்யலாம், ஆனால் தண்ணீர் என்றாலே பயம் இருக்கிறவரைப் பணம் கட்டிவிட்டோமே என்று இறக்கக்கூடாது. இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

பாலி ஆசை போகவில்லையா? அடுத்த ஆவணியில், முதல் கல்யாண நாளுக்கு வையுங்கள். அப்போதும் அங்கே வெயில் காலம்தான், சீட்டும் அந்தச் சமயத்தில்தான் முடிகிறது.

கடைசியாக அந்த 10,000. அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்று அதைப் பிடித்துக்கொண்டு மீதி 2,35,000ஐப் போடாதீர்கள். டிராவல்ஸுக்கு நேரில் போய், தேதியைப் பிப்ரவரிக்கும் ஊரை அந்தமானுக்கும் மாற்றி அந்தப் பணத்தை வரவு வைக்கச் சொல்லுங்கள், வியாபாரம் போகிறதே என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் ரத்து விதிமுறையை எழுத்தில் கேளுங்கள், எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்று அதில் இருக்கும், அந்தத் தேதி தாண்டுவதற்குள் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். முழுசாகப் போனாலும் 10,000தான், வட்டியோ 35,000.