ஸ்ட்ரிங்கில் உள்ள சொற்களின் வரிசையை இன்-பிளேஸாக, அதாவது நகல் எடுக்காமல் அதே இடத்திலேயே, திருப்பிப் போட்டால் ஸ்பேஸ் காம்ப்ளெக்சிட்டி (கூடுதலாகத் தேவைப்படும் நினைவக இடம்) ஓ(1) என்கிறார்கள். பைத்தானில் எழுதினாலும் அப்படியேதானா?

இல்லை. சி, சி++ என்றால் ஓ(1). பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ என்றால் ஓ(என்), அதாவது ஸ்ட்ரிங்கின் நீளத்துக்கேற்ப இடமும் கூடும். அல்காரிதம் ஒன்றுதான், ஆனால் இந்த நான்கு மொழிகளிலும் ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பிறகு அதன் உள்ளே கை வைக்க முடியாது.

முதலில் அல்காரிதம். 'மழை வருது' என்பதை 'வருது மழை' ஆக்க வேண்டும். மொத்தத்தையும் எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'துருவ ழைம' வரும். இப்போது சொற்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டன, உள்ளேதான் குழப்பம். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக இன்னொரு முறை திருப்பினால் 'வருது மழை'. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறைக்கு மேல் நகர்வதில்லை என்பதால் நேரம் ஓ(என்). கூடுதலாக வேண்டியது இரண்டு மூன்று இன்டெக்ஸும், ஸ்வாப் செய்ய ஒரு தற்காலிக வேரியபிளும்தான். ஸ்ட்ரிங் பத்து எழுத்தானாலும் பத்து லட்சம் எழுத்தானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. அதைத்தான் ஓ(1) என்கிறோம்.

இது இன்டர்வியூவுக்காகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1971இல் எழுதிய எடிட்டரில், வரிகளை இடம் மாற்ற இதே திருப்பல் உத்திதான் இருந்தது. அப்போதே அது எல்லோருக்கும் தெரிந்த பழைய சரக்கு என்று அவர் சொன்னதாக, 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலை எழுதிய ஜான் பென்ட்லி பதிவு செய்திருக்கிறார்.

பைத்தானில் ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நானும் வேலையில் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் ஸ்ப்ளிட் செய்தவுடனே எல்லாச் சொற்களுக்கும் தனித்தனி நகல் உருவாகிறது, ஜாயின் இன்னொரு முழு நகல். லிஸ்டாக மாற்றி அதற்குள் ஸ்வாப் செய்தாலும் அந்த லிஸ்டே ஓ(என்) இடம் பிடிக்கிறது. ஜாவாவில் கேரக்டர் அர்ரேயாக மாற்றுவதும் அப்படியே. அதனால் இன்டர்வியூவில் கேள்வி வந்ததும், 'இன்புட் ஸ்ட்ரிங்கா, கேரக்டர் அர்ரேயா?' என்று கேட்டுவிடுங்கள். இன்டர்வியூ கணக்குகளைப் போட்டுப் பழகும் தளமான லீட்கோட்டில் 151ஆம் கணக்கு ஸ்ட்ரிங்கைத் தருகிறது, 186ஆம் கணக்கு கேரக்டர் அர்ரேயைத் தருகிறது. ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதுபவருக்கு ஓ(1) கைக்கு எட்டுவது இரண்டாவதில் மட்டும்தான்.

சியில் எழுதினாலும் ஒரு பொறி உண்டு. பாயின்டரில் நேரடியாக மேற்கோள் ஸ்ட்ரிங்கை வைத்துவிட்டு அதைத் திருத்தப் போனால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அர்ரேயாக அறிவியுங்கள். திருப்பும் ஃபங்ஷனை ரிகர்ஷனாக, அதாவது தன்னைத்தானே அழைப்பதாக, எழுதாதீர்கள். வேரியபிள் எதுவும் கூடாதது போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் இடம் பிடித்து ஸ்டாக்கில் ஓ(என்) ஏறியிருக்கும்.

தமிழில் இது வேலை செய்யுமா என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மழை' கண்ணுக்கு இரண்டு எழுத்து, உள்ளே ம, ழ, ஐகாரக் குறி என்று மூன்று குறியீடு, ஒன்பது பைட். இடைவெளி ஒரு பைட், 'வருது' பதினைந்து; ஆக மொத்தம் 25. பைட் பைட்டாக முழுவதையும் திருப்பியதும் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் குப்பைதான் வரும். பயப்பட வேண்டாம். சொல்லுக்குள் இருக்கும் பைட்டுகள் இரண்டாம் கட்டத்தில் மறுபடி திரும்புவதால் பழைய வரிசைக்கே வந்துவிடும். இடைவெளிக்கான 32 என்ற பைட் வேறெந்தக் குறியீட்டின் நடுவிலும் வராது, ஆகவே சொற்களின் எல்லையும் தவறாது. சொல்லைத் திருப்புவதில் தமிழுக்குச் சிக்கலே இல்லை.

எழுத்தைத் திருப்புவதில்தான் சிக்கல். 'விகடகவி'யைப் பைத்தானில் திருப்பி ஒப்பிட்டுப் பாருங்கள், அது பாலிண்ட்ரோமே (எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்) இல்லை என்று சாதிக்கும். இகரக் குறி தனிக் குறியீடாக இருப்பதால் திருப்பும்போது அது 'வ'வுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறது.

லீட்கோட்டின் அந்த 151ஆம் கணக்கில் சொற்களுக்கு நடுவே இருக்கும் கூடுதல் இடைவெளிகளையும் நீக்கச் சொல்வார்கள். அதற்கும் புது அர்ரே வேண்டாம். படிக்க ஒரு இன்டெக்ஸ், எழுத ஒரு இன்டெக்ஸ் வைத்து அதே அர்ரேயில் முன்பக்கமாக நெருக்கிக்கொண்டு வரலாம். சியில் என்றால் புது முடிவில், ஸ்ட்ரிங் முடிந்ததைக் காட்டும் பூஜ்ய பைட்டை வைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் பழைய வால் ஒட்டிக்கொண்டே வரும்.