மணலில் எழுதிக் கற்ற தமிழ்

கேள்வி: தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அகராதியோ இலக்கணமோ இல்லாத காலத்தில் எட்டே மாதங்களில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். இது நடக்கக்கூடியதா? அவர் எப்படிக் கற்றார்?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். அகராதியும் இலக்கணமும் அறவே இல்லாத காலம் அன்று அது. முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிக் கடற்கரையில்) பணியாற்றிய போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதிவிட்டார். அந்தாம் டி புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. ஆனால் சீகன்பால்கு தமிழைத் தொடங்கியது புத்தகத்திலிருந்து அன்று, தரையில் பரப்பிய மணலிலிருந்து.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அவரும் புளூட்சௌ என்ற இன்னொரு பாதிரியாரும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரோடு பேசுவதற்குப் போர்ச்சுகீசிய மொழியே பொதுமொழியாக இருந்தபடியால், இருவரும் முதலில் அதைப் படித்தார்கள். பிறகு புளூட்சௌ போர்ச்சுகீசியத்தோடு நிற்க, சீகன்பால்கு தமிழைக் கையில் எடுத்தார். எழுபது வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றச் செய்தார். பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் அதை வரைந்தார். எழுத்து கைக்கு வந்தது, பொருள்தான் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளைப் பேசக்கூடிய அழகப்பன் என்ற துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வந்து சேர்ந்த பிறகே அந்தத் தடை நீங்கியது.

1708இல் எழுதிய கடிதமொன்றில் அவர் தம் அன்றாடப் பாடத்தை விவரித்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, ஒரு முதிய புலவரையும் ஓர் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சுவடிகளை மட்டுமே படிப்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் படிப்பு. இரவு ஏழு மணிக்குக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, ஒருவர் வாசிக்கத் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆக, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தமிழ்!

புலவர் ஏன் அருகில் இருக்க வேண்டும் என்பதை இன்றைய அச்செழுத்துக்குப் பழகிய நாம் எளிதில் உணர மாட்டோம். ஓலையில் எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். ‘தர’ என்று கீறியிருப்பதைத் ‘தர’ என்று படிப்பதா, ‘தா’ என்று படிப்பதா என்பதை அடுத்து வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும். தமிழ் தெரிந்தால்தான் தமிழைப் படிக்கவே முடியும் என்ற நிலையில், புலவர் இல்லாமல் ஓர் அயல்நாட்டார் ஓர் ஓலையைக்கூடக் கடந்திருக்க முடியாது.

எட்டு மாதக் கணக்கைத் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கிய காலம் என்று எடுத்துக்கொண்டால் நம்பலாம். 1707 ஆகஸ்ட் 14இல் புதிய ஆலயம் திறக்கப்பட்டபோது அவர் தமிழிலும் பேசினார். வந்து பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. 1708இல் தாம் சேகரித்த நூல்களுக்கு அவர் எழுதிய பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. அவருடைய தமிழ் உரைநடை செம்மையானதன்று என்று வீரமாமுனிவர் தரப்பில் கடுமையாகக் கண்டித்ததில் நியாயம் உண்டு. ஆயினும் வீதியில் புழங்கும் பேச்சைத் தாழ்வென்று ஒதுக்காமல் கற்றதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
– கும்பகோணம் வாசகி

பதில்: நியாயமான வருத்தம், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நான்கு ஐரோப்பிய மொழிகளை அழகப்பன் எந்தப் பள்ளியிலும் படித்திருக்க வழியில்லை. வணிகக் கம்பெனியாரோடு பழகிப் பழகியே கற்றிருக்க வேண்டும். மொழி கற்ற திறமை என்று பார்த்தால் அவர் சீகன்பால்குவுக்குச் சிறிதும் குறைந்தவர் அல்லர். முதிய வாத்தியாரின் மகனான கணபதி வாத்தியாரும் கவிபாடத் தெரிந்தவர். மணலைப் பரப்பி எழுத்தறிவித்த அந்த முதியவருக்குத் தரங்கம்பாடியில் ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. பெங்களூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இனிமேல் கன்னடம் கற்க முடியுமா?
– பெங்களூரு வாசகர்

பதில்: தாராளமாக முடியும். உங்களுக்கு எட்டு மணி நேரம் தேவையில்லை, ஏனென்றால் பாதிக் கன்னடம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்களில் அது அங்கே ‘அம்பு’ என்பதில் ஒலிப்பது போன்ற பகரமாகும்: வா என்பது பா, வேர் என்பது பேரு, வேண்டும் என்பது பேக்கு, வேண்டாம் என்பது பேடா. நம்முடைய பகரமோ அங்கே ஹகரமாகும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் எழுத்துப் பழகும்போது நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். நாளைக் காலையில் பால் வாங்கப் போகும்போது ‘ஹாலு பேக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கன்னடத்திலேயே பதில் சொல்வார்.