வாய்க்கரிசி போடாத கை

கேள்வி: 2021இல் அப்பா கொரோனாவில் மோசம் போனார். பெட்டியை மூடி சீல் வைத்துத்தான் காட்டினார்கள், வாய்க்கரிசி போட விடவில்லை. இந்த நோய் முதலில் வந்த சீனாவில் சனம் இதை எப்படித் தாங்கியது? நம்மைப் போலச் சடங்கு பார்க்கிறவர்களா அவர்கள்?
– வாசகர், கல்லடி

பதில்: பார்க்கிறவர்கள்தான் தம்பி, நமக்குக் கொஞ்சமும் குறையாமல். செத்தவர் ஏழாம் நாள் வீட்டுக்கு ஒருமுறை வந்து போவார் என்று நம்பிச் சாப்பாடு படைப்பார்கள், அப்புறம் ஏழு நாளுக்கொரு தடவையாக 49ஆம் நாள் வரைக்கும் கடமை இருக்கிறது. போன இடத்தில் செலவுக்கு வேண்டுமே என்று காகிதக் காசை எரிப்பார்கள். தாய் தகப்பனை ஒழுங்காக வழியனுப்பாமல் விடுவது அங்கே பெரிய குறை.

அப்படிப்பட்ட சனத்துக்குத்தான் 2020 பெப்ரவரியில் கட்டளை வந்தது: கொரோனாவில் இறந்தவருக்குச் சடங்கு இல்லை, உடலைப் பக்கத்திலேயே உடனே எரிக்க வேண்டும். வூஹான் ஊரே சனவரி 23இலிருந்து பூட்டிக் கிடந்தது. மார்ச் கடைசியில் சாம்பலை வாங்க விட்டபோது மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நின்றார்கள், அதற்கும் வேலைத்தலத்திலிருந்தோ வட்டாரக் குழுவிலிருந்தோ ஒருவர் கூடவே வந்தார். தகப்பனின் சாம்பலைக் கையில் வாங்கும் நேரத்தில் பக்கத்தில் ஓர் அந்நியர் நின்றால் எப்படி அழுவது?

ஏப்ரல் 4 சிங்மிங், கல்லறையைக் கூட்டித் துடைத்து முன்னோரைக் கும்பிடும் நாள். அன்று காலை 10 மணிக்கு நாடு முழுக்க மூன்று நிமிடம் மௌனம், சைரன் ஊதியது. ஆனால் வூஹான் சனம் மாத முடிவு வரை மயானத்துக்குப் போக முடியாது, அங்கே வேலை செய்கிறவர்களே அவர்களுக்காகக் கல்லறையைத் துடைத்தார்கள். நோயைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான கண் வைத்தியர் லீ வென்லியாங் பெப்ரவரி 7இல் இறந்தார். அவர் இணையத்தில் கடைசியாக எழுதிய பதிவின் கீழே லட்சக்கணக்கானோர் ‘காலை வணக்கம் டொக்டர்’ என்றும், தங்கள் வீட்டுக் கவலைகளையும் எழுதினார்கள். அதற்கு அழுகைச் சுவர் என்றே பேர் வந்துவிட்டது. அழ ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது, கிடைத்த இடத்தில் அழுதார்கள்.

நம் மட்டக்களப்பு மாவட்டத்திலும் இது தெரியாததா? அடக்கம்தான் செய்ய வேண்டும் என்று கெஞ்சிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எரித்தார்கள், 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் மண் கிடைத்தது.

உங்களுக்குக் காலம் போய்விடவில்லை தம்பி. ஆடி அமாவாசை தகப்பனுக்கான விரதம்தானே. விடியவே மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அப்பாவின் பேரைச் சத்தமாகச் சொல்லி, வாய்க்கரிசி போட முடியாமல் போன அதே கையால் எள்ளும் தண்ணீரும் விடுங்கள்.