தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: தடய அறிவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் கடலூரில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கல்லூரி எம்.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிடுகிறது. கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதியதில்லை; அது தடையா? நான் பார்த்த வழக்குகளைப் பாடமாகச் சொல்லலாமா? முதல் செய்முறை வகுப்பில் என்ன வைப்பது?

பதில்: நெட் இல்லை என்பதால் கதவு மூடிவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2022-இல் கொண்டுவந்த, துறை அனுபவம் உள்ளவர்களை ஆசிரியராக நியமிக்கும் 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' முறை உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டத் தகுதி கட்டாயமில்லை. பணிக்காலம் வழக்கமாக அதிகபட்சம் 3 ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஓர் ஆண்டு. எந்தப் பெயரில் நியமிக்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வழக்குகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆய்வறிக்கையும் புகைப்படமும் துறையின் சொத்து. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு படத்தைக்கூட வகுப்பில் காட்டாதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். ஊரும் உறவும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முடிவு தெரிந்த வழக்கைக் கேட்கும் மாணவர் விடையைத்தான் கற்கிறார். விடை தெரியாதபோது எதைச் செய்வது, எதைச் சொல்லாமல் நிறுத்துவது என்பதே இந்தத் தொழில். அதைச் செய்முறை மேசையில்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

முதல் வகுப்புக்கு, ஒரு கறை இரத்தமாக இருக்கலாமா என்று நிறம் வைத்துப் பார்க்கும் காஸில்-மேயர் சோதனையை வையுங்கள். மனித இரத்தம் வேண்டாம், தொற்று அபாயம் உண்டு. கறிக்கடையில் ஆட்டு இரத்தம் வாங்கி, 3.8% சோடியம் சிட்ரேட் கரைசல் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு என்று உடனே கலந்துவிடுங்கள், தாமதித்தால் உறைந்துவிடும். 10, 100, 1000, 10000 மடங்கு நீர்த்துப் பழைய பருத்தித் துணியிலும் ஓட்டிலும் சொட்டுவிட்டு, முந்தின நாளே நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் நம் கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறைதான் சரி.

இவற்றோடு இரத்தம் அல்லாத கறைகளையும் எண் மட்டும் போட்டுக் கலந்து வையுங்கள்: வெற்றிலை எச்சில், குங்குமம், உருளைக்கிழங்குச் சாறு, மயில்துத்தக் கரைசல், மஞ்சள். மஞ்சள் கட்டாயம் வேண்டும். சோதனைக்கான பினாஃப்தலீன் கரைசலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரப்பொருள் இருப்பதால், அது பட்டதுமே மஞ்சள் செம்பழுப்பாகிவிடும். வரிசையைக் கவனிக்காத மாணவர் அதையே 'இரத்தம்' என்று எழுதிவிடுவார்.

வரிசை இதுதான். கறையின் ஓரத்தை ஃபில்டர் பேப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும். கறை மேலேயே கரைசலை ஊற்றினால் டி.என்.ஏ.வுக்கு மிச்சம் இருக்காது. பேப்பரில் எத்தனால் ஒரு சொட்டு, பிறகு பினாஃப்தலீன் கரைசல் ஒரு சொட்டு. இந்த இடத்தில் சில நொடி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே நிறம் வந்தால் அந்தச் சோதனை செல்லாது. வராவிட்டால் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் இளஞ்சிவப்பு வந்தால்தான் நேர்மறை. அரை நிமிடம் கழித்து வரும் நிறத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது, காற்றுப் பட்டாலே கரைசல் சிவக்கும்.

ஒவ்வொரு தடவையும் தெரிந்த இரத்தம் ஒன்று, கறைக்குப் பக்கத்துச் சுத்தமான இடம் ஒன்று என இரண்டு ஒப்பீடுகள் வேண்டும். தெரிந்த இரத்தமே நிறம் காட்டாவிட்டால் முதலில் பெராக்சைடைச் சந்தேகியுங்கள். வெயிலில் இருந்த பாட்டில் வீரியம் இழந்திருக்கும். பினாஃப்தலீன் கரைசலைத் துத்தநாகத் துண்டுகளோடு பழுப்புப் பாட்டிலில் குளிர்பெட்டியில் வையுங்கள். இளஞ்சிவப்பாகிவிட்டால் பயன்படுத்தாதீர்கள்.

கைரேகை வகுப்பை மழை மாதத்தில் வைத்தால் பவுடர் கட்டிபட்டுக் கோடுகளை அடைத்துவிடும்; ஏ.சி. அறையில் வையுங்கள். பசையின் ஆவியால் ரேகையை வெளிக்கொணரும் சூப்பர் குளூ முறைக்கு 80% அளவு ஈரப்பதம் தேவை என்பதால் அதற்கு அந்த மாதங்கள் உதவும்.

மதிப்பெண்ணில் பாதியை, மாணவர் சாட்சிக் கூண்டில் நின்று பதில் சொல்லும் மாதிரி விசாரணைக்கு ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. காலாப்பட்டு சட்டக் கல்லூரி மாணவர்களை வழக்கறிஞர்களாக அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் குறுக்கு விசாரணை நடத்தலாம். 'இது மனித இரத்தமா?' என்று கேட்டால், 'இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. இரத்தமாக இருக்கலாம் என்று மட்டுமே காட்டுகிறது, உறுதிச் சோதனை தேவை' என்று தயங்காமல் சொல்பவருக்கே முழு மதிப்பெண். உறையை யார் ஒட்டினார், யார் கையில் எத்தனை மணிக்கு மாறியது என்பதையும் கேட்கட்டும். இவற்றைப் பதிவு செய்யும் படிவத்தை மாணவரே நிரப்பியிருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் ஓடுகளை 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அந்த வாளி சோதனை மேசைப் பக்கமே வரக்கூடாது: பிளீச்சும் காஸில்-மேயரில் நிறம் காட்டும். அலசிக் காயவைத்த ஓடுகளை அடுத்த வகுப்புக்கு முன் ஒரு தரம் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.