கருமஞ்சளா, தெமு ஹித்தாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய 'கருமஞ்சளை' அம்மாவின் முட்டிவலிக்குப் பாலில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்கிறீர்களே, அப்படியானால் வேண்டாம். மஞ்சள் வகைகள் அந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். கிளினிக்கில் டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

அப்புறம், கிழங்கை வெட்டிப் பாருங்கள். நம் பக்கம் அதிகம் புழங்குவது தெமு ஹித்தாம் என்ற வேறொரு மஞ்சள் வகை. உள்ளே பச்சை கலந்த நீலமாக இருக்கும். வடகிழக்கு இந்தியா, மத்தியப் பிரதேசக் காடுகளில் விளையும் கருமஞ்சள் உள்ளே கருநீலம், நசுக்கினால் கற்பூர நெடி தூக்கும். அங்கே அதை அரைத்துச் சுளுக்கு, வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள்; தலைவலிக்கு நெற்றியில் பூசுவார்கள். டாக்டர் சரி என்றால் பற்று மட்டும் போடலாம், புண் இல்லாத இடத்தில். அரித்தால் உடனே கழுவிவிடுங்கள். பணம் கொட்டும், திருஷ்டி போகும் என்று கடைக்காரர் விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.