"நீ என்ன வேலை?" என்று எல்லையில் கேட்டால்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடா வந்து எட்டு மாதம், கையில் பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட அட்டை, இலங்கைப் பாஸ்போர்ட். யூடியூபில் சமையல் சனல் ஓடுகிறது, மாதாமாதம் காசும் வருகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, போய்ப் பார்க்க வேண்டும். "யூடியூப் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று போடு" என்று கணவர் சொல்கிறார். அமெரிக்க விசாப் படிவத்தில் அப்படிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதேங்கோ. கணவர் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் இது பாரதூரமான பிழை. அமெரிக்க விசா விண்ணப்பத்தில், அந்த டி.எஸ்.160 படிவத்தில், கடந்த ஐந்து வருடம் பாவித்த சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2019ஆம் ஆண்டிலிருந்து இது இருக்கிறது. ஒரு பக்கத்தில் "இல்லத்தரசி" என்று போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் சனல் பெயரை எழுதுவீர்களா? எழுதினால் அங்கேயே முரண். எழுதாமல் விட்டால் மறைத்தது. விசாவுக்காக முக்கியமான ஒன்றைப் பொய்யாகச் சொன்னார் என்று முடிவெடுத்தால் வாழ்நாள் தடை விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மன்னிப்பு விண்ணப்பம், லோயர், காசு என்று அலைய வேண்டும். வருமானம் வினோதமானது என்பதற்காக ஒருவரையும் வாழ்நாள் முழுக்கத் தடுப்பதில்லை.

என்னுடைய தொழில் உங்களுடையதைவிட வினோதம். மழைச்சத்தம் போடுகிறேன். சிரிக்காதேங்கோ. ஊரில் அம்மாவின் குசினித் தகரக் கூரையில் கார்த்திகை மழை விழுகிற சத்தத்தை ஒருமுறை பதிந்துகொண்டு வந்து, பத்து மணித்தியால வீடியோவாகப் போட்டேன். நித்திரை வராத சனம் உலகம் முழுக்க இருக்கிறது. இப்போது வீட்டு வாடகையில் பாதி அதில்தான் போகிறது.

2019இல் கனடாக் குடியுரிமையோடு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, காரில் பாலத்தால் அமெரிக்காவுக்குள் போனேன். ஒரு சினேகிதன் வீட்டுக் குடிபூரல். ஒபிசர் "என்ன வேலை?" என்றார். நான் பெருமையாக "யூடியூப்பில் வேலை செய்கிறேன்" என்றேன். அவருக்கு விளங்கியது, அமெரிக்கக் கம்பனி ஒன்றில் சம்பளத்துக்கு இருக்கிற ஆள் என்று. "எந்த ஒபிஸ்? வேர்க் விசா எங்கே?" "இல்லை சேர், நான் மழை போடுகிறேன்." பிழை முழுக்க என்னுடையதுதான், அந்த வசனத்தை எந்த ஒபிசர் கேட்டாலும் மேலதிக விசாரணைக்கு உள்ளே அனுப்பித்தான் இருப்பார். போதாக்குறைக்கு டிக்கியில் ஒலிப்பதிவுக் கருவி வேறு இருந்தது.

இரண்டு மணித்தியாலம். பிள்ளைகள் பசியில் கத்த, உள்ளே இன்னொருவர் ஆறுதலாக நாலு கேள்வி கேட்டார். ஆர் காசு தருகிறார்கள்? எந்த நாட்டு வங்கிக்கு வருகிறது? வேலையை எங்கே இருந்து செய்கிறாய்? இங்கே நிற்கும்போது செய்வாயா? சொன்னேன், விட்டார்கள். மழைக்கு ஆர் காசு கொடுப்பார்கள் என்று அவர் வியந்ததெல்லாம் ஒரு நிமிசம்தான். மற்ற நேரமெல்லாம் நான் அங்கே உழைக்கப் போகிறேனா, திரும்பி வருவேனா என்பதில்தான் அவருடைய கவனம்.

அதனால் அந்த நாலு கேள்விக்கும் பதில் உங்கள் முதல் வசனத்திலேயே இருக்கட்டும். "ரொறன்ரோவில் என் வீட்டில் சமையல் வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறேன், அதில் வரும் விளம்பரத்துக்குக் கூகுள் என் கனடா வங்கிக்குக் காசு அனுப்புகிறது, இது என் சொந்தத் தொழில்." இவ்வளவுதான். "இன்ஃபுளுவென்சர்", "கிரியேட்டர்" என்ற சொற்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கோ. பார்வையாளர் எண்ணிக்கையையும் கேட்காமல் சொல்ல வேண்டாம். படிவத்தில் தொழிலுக்கு "மற்றவை" என்று தெரிவுசெய்தால் விளக்கம் எழுத இடம் வரும், அதில் இதையே சுருக்கி எழுதுங்கோ.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்குப் பயமான விசயம். அக்கா வீட்டுக் குசினியில் நின்று வீடியோ எடுக்கிற யோசனை இருக்கிறதா? சனல் வைத்திருக்கிற எவருக்கும் அந்த ஆசை வரும். விசிற்றர் விசாவில் போய்க் காசு வருகிற வீடியோ எடுப்பதை ஒரு ஒபிசர் வேலை என்று எடுக்கலாம், இன்னொருவர் கண்டுகொள்ளாமல் விடலாம். அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். கூகுளுக்குக் கொடுக்கும் அமெரிக்க வரிப் படிவத்திலும், வேலையை அமெரிக்காவுக்கு வெளியே செய்கிறேன் என்ற மாதிரி ஓர் உறுதிமொழி வரும். போகுமுன் நாலு வீடியோவை இங்கேயே எடுத்து, நாள் குறித்து ஏற்றிவிட்டால் சனலும் தூங்காது, நீங்களும் பிள்ளையோடு நிம்மதியாக இருக்கலாம். பிள்ளையைப் போனில் படம் பிடிப்பதை ஒருவரும் கேட்கப்போவதில்லை. முக்காலி, லைற், மைக் மூன்றும் பெட்டிக்குள் இருந்தால் கேட்பார்கள்.

போனையும் வாங்கிப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த நாட்டுப் பிரசை இல்லாதவர் மறுத்தால் உள்ளே விடாமலும் விடலாம். "நீ வா, ரெண்டு பேரும் சேர்ந்து பத்து வீடியோ அடிப்பம்" என்று அக்கா அனுப்பியிருந்தால், அந்த யோசனையை இப்போதே கைவிட்டு அதை அக்காவுக்கும் எழுதிவிடுங்கோ. எல்லைக்கு முதல்நாள் செய்தியெல்லாம் அழித்துவிட்டு வெறும் போனோடு போவதும் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பேப்பர்கள். வந்து ஒரு வருடம் ஆகாததால் வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுக் கடிதம் உங்களிடம் இன்னும் இல்லாமல் இருக்கலாம். கூகுள் விளம்பரக் காசு தருகிற அட்சென்ஸ் கணக்கின் கொடுப்பனவு விபரமும், அதே தொகை விழுந்த வங்கிக் கூற்றும் ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கோ. டிசம்பரில் விளம்பரக் காசு கூடி ஜனவரியில் விழும், அதனால் நல்ல மாதத்தை மட்டும் காட்டி "மாதம் இவ்வளவு" என்று சொன்னால் மாட்டுப்படுவீர்கள். சராசரியைச் சொல்லுங்கோ. அடுத்த வருடம் சுயதொழில் வருமானமாகக் கனடா வரிக்கான டி2125 படிவத்தில் ஒழுங்காகக் காட்டினால், பிறகு ஒரு கடிதமே போதும்.

இதைவிட முக்கியம், அமெரிக்கச் சட்டம் உங்களைக் குடியேற வருகிறவர் என்றுதான் முதலில் நினைக்கும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வீட்டு வாடகை ஒப்பந்தம், கணவரின் வேலைக் கடிதம், மகனின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் அதற்குத்தான். ரொறன்ரோ யூனிவர்சிற்றி அவனியூவில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரக விசா நேர்முகத்தில் இவற்றைப் பார்க்காமலே முடிக்கவும்கூடும், ஆனாலும் கையில் இருக்கட்டும்.

பியர்சன் விமான நிலையத்தால் பறந்தால் அமெரிக்க ஒபிசரை ரொறன்ரோவிலேயே சந்திப்பீர்கள், விமானம் ஏறுமுன். அந்த வரிசைக்கு நேரம் வைத்துப் போங்கோ. நல்ல கமரா ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், அது ஏற்கெனவே உங்களிடம் இருந்தது என்று கனடா எல்லைச் சேவையிடம் பதிந்து, சின்ன அட்டை ஒன்று வாங்கலாம். காசில்லை. திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது.

கணவரும் கூட வருகிறார் என்றால், அவரோடு ஒருதரம் இருந்து கதையுங்கோ. கவுண்டரில் உங்களை முந்திக்கொண்டு "இவ வீட்டில சும்மாதான் இருக்கிறா" என்று சொல்லிவிடப் போகிறார்.