சிப்பாயாகச் சேர்ந்தவர் ராணுவ அதிகாரி ஆக முடியுமா? அதிகாரிக்கும் ஹவில்தாருக்கும் வேலையில் என்ன வித்தியாசம்?

முடியும். இந்தியத் தரைப்படையை வைத்துச் சொல்கிறேன். எந்தக் குன்றை எப்போது பிடிப்பது என்று திட்டம் போட்டு, அதற்குப் பொறுப்பேற்பவர் அதிகாரி. கிளம்பும் முன் ஒவ்வொருவரின் பூட்ஸ், தண்ணீர் பாட்டில், தோட்டா எல்லாவற்றையும் சரிபார்ப்பவர், சிப்பாயாகச் சேர்ந்து பதவி உயர்ந்த ஹவில்தார். சுமார் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன் அவர் கையில். இப்படிச் சில குழுக்கள் சேர்ந்த பிளட்டூனைப் பெரும்பாலும், ஹவில்தாருக்கு மேலும் அதிகாரிக்குக் கீழும் உள்ள நாயப் சுபேதார் அல்லது சுபேதார்தான் நடத்துவார். புதிதாக வரும் இளம் அதிகாரியான லெப்டினன்ட் அவரை 'சாஹிப்' என்றுதான் அழைப்பார். பாதித் தொழிலை அவரிடம்தான் கற்றுக்கொள்வார். படையின் முதுகெலும்பு இவர்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. 1987இல் சியாச்சினில் உயரமான பாகிஸ்தான் நிலையைப் பிடித்து, நாட்டின் மிக உயரிய போர் வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற பாணா சிங், அப்போது நாயப் சுபேதார்.

பலருடைய கனவு, சுபேதாருக்கு அடுத்த படியான சுபேதார் மேஜர் பதவி. பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு ஒருவர்தான். ஓய்வை ஒட்டிச் சிலருக்குக் கௌரவ லெப்டினன்ட், கேப்டன் பதவியும் கிடைக்கும். பாணா சிங்கும் கௌரவ கேப்டனாகத்தான் ஓய்வு பெற்றார்.

முழு அதிகாரி ஆக, சிப்பாய்களை அதிகாரிகளாக்கும், டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ் நல்ல வழி. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகம், மூன்றாண்டுப் படிப்பு, அப்புறம் இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் ஓராண்டுப் பயிற்சி. வயது வரம்பு உண்டு, அதனால் பிளஸ் டூ முடித்துச் சேர்ந்த தம்பிகள் சீக்கிரமே தயாராகத் தொடங்குங்கள்.